மீனுக்கு வேண்டாம் வெளிச்சம், மீனவருக்கு வேண்டும்!

மீன் பிடிக்கப் போகிறவர் கூடாரம் தூக்கிக்கொண்டு போவாரா? போவார். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலும், கனடாவிலும், பின்லாந்திலும் குளிர்காலம் வந்தால் ஏரிகள் உறைந்துவிடும். ஏரியின் மேலேயே நடந்து போய், பனியில் துளை போட்டு, துளைக்கு மேல் மடக்குக் கூடாரத்தை விரித்து, உள்ளே உட்கார்ந்து தூண்டில் போடுவார்கள். டிசம்பர் மாதத்தில் அங்கே மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அதனால் கூடாரத்துக்குள் விளக்கு வேண்டும். முன்பு காஸ் விளக்கு வைத்திருந்தவர்கள் இப்போது ஒரு 12 வோல்ட் பேட்டரியும் எல்.இ.டி. பட்டையும் வைத்திருக்கிறார்கள்.

கடலூர் துறைமுகத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே ஐஸ் என்பது பெட்டிக்குள் இருக்கும், மீன் அதற்குள் புதைந்திருக்கும். ஐஸுக்கு மேலே மனிதனும் கீழே உயிருள்ள மீனும் இருப்பது தலைகீழ்க் கதை!

ஆனால் அந்தக் கூடாரத்தில் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அது கூடாரத்தின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். மின்னசோட்டா விதிப்படி, இரவில் பனிமேல் விட்டுவைக்கும் கூடாரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது 2 சதுர அங்குல அளவுக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் பட்டை இருக்க வேண்டும். இருட்டில் பனிவண்டியில் வேகமாக வருகிறவர் கூடாரத்தின் மேல் மோதிவிடக் கூடாது என்பதற்காக. நின்ற இடத்தில் நிற்கிற ஒரு துணிக் கூடாரத்துக்கே இவ்வளவு அக்கறை. கப்பல் போகிற கடலில், அலையில் ஆடிக்கொண்டு, வலையை விரித்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு ஃபைபர் படகுக்கு?

செம்மங்குப்பத்துக்குக் கிழக்கே

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கிறது செம்மங்குப்பம். இரவில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஆலை விளக்குகள் விடிய விடிய எரியும். கிழக்கே உப்பனாறு. அதற்கும் அப்பால் மணல்மேடு, மீனவர் ஊர்கள், வங்கக் கடல். ராசாப்பேட்டை, சித்திரைப்பேட்டை, வடக்கே போனால் கடலூர் துறைமுகம், தேவனாம்பட்டினம், தாழங்குடா. தெற்கே சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டை, முடசல் ஓடை. ஊர் தூங்கும் நேரத்தில் படகு கிளம்பும் கரை இது.

கரையில் இவ்வளவு வெளிச்சம். படகில்? கையில் ஒரு டார்ச், தலையில் மாட்டிக்கொள்ளும் ஒரு ஹெட்லைட், சட்டைப் பையில் செல்போன். பல சிறு படகுகளில் ஏற்பாடு அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கையான ஆபத்தும் உண்டு. கடலிலிருந்து கரையைப் பார்த்தால் ஆலை விளக்கு, தெருவிளக்கு, வண்டி விளக்கு எல்லாம் ஒரே பிரகாசக் கோடு. அந்தக் கோட்டுக்கு முன்னால் ஒரு சிறு டார்ச் வெளிச்சம் இருந்தால் அது தனியாகத் தெரியவே தெரியாது. கரை எவ்வளவு பளபளப்பாகிறதோ அவ்வளவுக்குச் சிறு படகு மறைந்துபோகிறது. ரேடாரும் கைகொடுக்காது. இரும்புக் கப்பல் ரேடாரில் தெரிவது போல ஃபைபர் படகு தெரியாது. அலை சற்று எழும்பினால் சிறு படகு அலைகளோடு அலையாகக் கலந்துவிடும்.

மூன்று வகை வெளிச்சம்

கடலில் எல்.இ.டி. என்று பேச்செடுத்தாலே பலருக்கும் தடை, சண்டை, வழக்கு ஆகியவைதான் ஞாபகம் வரும். அதனால் முதலில் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, மீனைக் கூப்பிடும் வெளிச்சம். இரண்டு, மீனவர் தன் கையையும் வலையையும் பார்ப்பதற்கான வெளிச்சம். மூன்று, மற்றவர்கள் மீனவரைப் பார்ப்பதற்கான வெளிச்சம்.

முதல் வகைக்குத் தடை இருக்கிறது. இருக்கவும் வேண்டும். 2017 நவம்பர் 10 அன்று மத்திய வேளாண் அமைச்சகம் போட்ட உத்தரவு, இந்தியப் பொருளாதாரக் கடல் மண்டலத்தில் இழுவலை, சுருக்குமடி வலை, செவுள் வலை ஆகியவற்றோடு எல்.இ.டி. போன்ற செயற்கை விளக்குகளைப் பயன்படுத்தி மீன் பிடிப்பதைத் தடை செய்தது. காரணம் எளிது. வெளிச்சத்தை நோக்கி வரும் குணம் பல மீன்களுக்கும் கணவாய்க்கும் உண்டு. ஜெனரேட்டர் வைத்து ஆயிரக்கணக்கான வாட் வெளிச்சத்தைத் தண்ணீருக்குள் அடித்தால் பெரிய மீன், குஞ்சு மீன், விலைபோகாத மீன் என்று எல்லாம் ஓரிடத்தில் கூடும். வளைத்து அள்ளிவிடலாம். அள்ளுகிறவருக்கு அன்றைக்கு லாபம். பக்கத்தில் சிறு வலையோடு காத்திருப்பவருக்கு அன்றைக்கே நட்டம். அடுத்த வருடம் எல்லோருக்கும் நட்டம். சுருக்குமடி வலையை வைத்தே ஊருக்கு ஊர் மோதிக்கொண்ட கடலூர் மாவட்டத்துக்கு இதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்த முதல் வகையைப் பற்றிப் பேசிப் பேசியே மற்ற இரண்டும் மறந்துபோயின. தடை செய்யப்பட்ட விளக்கு பல கிலோவாட். மீனவருக்கு வேண்டிய விளக்கு மொத்தமே 13 வாட். யானையைத் தடுக்கப் போட்ட வேலியில் ஆட்டுக்குட்டியையும் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடக் கூடாது.

பெட்ரோமாக்ஸ் போய்...

1984-இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியின் பெட்ரோமாக்ஸ் விளக்கைச் செந்தில் என்ன செய்தார் என்று தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. கையால் தொட்டாலே உதிர்ந்துபோகும் மேண்டில் அது. ஆடாத தரையில் உட்கார்ந்திருக்கும் கடையிலேயே அந்தக் கதி என்றால், அலையில் குதிக்கும் படகில் யோசித்துப் பாருங்கள்! பக்கத்தில் எண்ணெய், மேலே நெருப்பு, சுற்றிலும் நைலான் வலை.

அதற்குப் பின் வந்த இழை பல்பும் படகுக்கு ஒத்துவரவில்லை. எஞ்சின் அதிர்வில் இழை அறுந்துவிடும். 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை 10 மணி நேரம் எரித்தால் 210 வாட்-மணி செலவாகும். கார் பேட்டரி அளவுக்கு ஒன்றைச் சுமந்துகொண்டு போக வேண்டும்.

இதை மாற்றியது நீல நிற எல்.இ.டி. சிவப்பு எல்.இ.டி. 1962-இலேயே வந்துவிட்டது. பளிச்சென்று எரியும் நீலத்துக்கு 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீலம் கிடைத்தபிறகு அதன்மேல் பாஸ்பர் பூச்சு பூசி வெள்ளை வெளிச்சம் எடுத்தார்கள். அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் இதற்காக 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மின்கம்பி போய்ச் சேராத 150 கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு இந்த விளக்கு பயன்படும் என்று பரிசு அறிவிப்பிலேயே சொன்னார்கள். கரையிலிருந்து சில மைல் தள்ளிப் போன படகுக்கும் மின்கம்பி போய்ச் சேராது. அந்தக் கணக்கில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் இரவு மீன்பிடிப்பவர்கள் வெகுகாலம் மண்ணெண்ணெய் அழுத்த விளக்கையே நம்பியிருந்தார்கள். அங்கேயும் பேட்டரி எல்.இ.டி. வந்துவிட்டது. கடலூர்க் கரையிலும் வந்துவிட்டது. வலையின் முனையில் மிதவையோடு கட்டும் சின்ன மினுக்கு விளக்குகளே சாட்சி. வலைக்கு விளக்கு கட்டத் தெரிந்தவர்களுக்குப் படகுக்கு விளக்கு கட்டத் தெரியாதா? தெரியும். சொல்லிக்கொடுக்கவும் பொருளை மலிவாகக் கொடுக்கவும்தான் ஆள் இல்லை.

எட்டு நிமிடம்

கடலில் விளக்கு வைப்பதற்கு உலகத்துக்கே பொதுவான விதி இருக்கிறது. 1972-இல் உருவான மோதல் தவிர்ப்பு விதிகள். 12 மீட்டருக்குக் குறைந்த படகு எஞ்சினில் ஓடும்போது, சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கும், இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை விளக்கும் போட்டால் போதும். செவுள் வலை விரித்திருந்தால் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. சுமார் 30 அடி நீளமுள்ள ஃபைபர் படகு இந்த வரம்புக்குள்தான் வருகிறது. சுற்றிலும் தெரியும் விளக்கு 2 கடல் மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும். அதாவது சுமார் 3.7 கிலோமீட்டர்.

இதைப் பரீட்சைக்குப் படிப்பது போலப் படிக்காமல் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 நாட் வேகத்தில் வரும் சரக்குக் கப்பல் 2 கடல் மைலைக் கடக்க 8 நிமிடம் ஆகும். கப்பலில் காவல் நிற்பவர் விளக்கைப் பார்த்து, படகு என்று புரிந்து, சுக்கானைத் திருப்ப 8 நிமிடம். விளக்கில்லாத படகுக்கு அந்த 8 நிமிடம் கிடையாது. கப்பலின் சத்தம் கேட்கும்போது எஞ்சினை இழுத்துக் கிளப்பக்கூட நேரம் இருக்காது.

2012 மார்ச் 1 அன்று கேரளக் கடலில் 'பிரபு தயா' கப்பல் மோதி ஐந்து மீனவர்கள் இறந்தார்கள். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் 'ஏ.பி.எல். லீ ஹாவர்' கப்பல் 'ரபா' என்ற விசைப்படகின் மேல் மோதியது. அந்தப் படகில் தமிழ்நாட்டு மீனவர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு வேறாக இருக்கும். விளக்கு இருந்தால் எதுவுமே நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் விளக்கு இல்லை என்றால் தப்பிக்கும் வாய்ப்பில் முதல் வாய்ப்பே போய்விடுகிறது.

சரி, எப்படிப் பொருத்துவது?

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். கடைக்குப் போய், பிரகாசமாக எரியும் பட்டையாகப் பார்த்து ஐந்து மீட்டர் வாங்கி, இருக்கிற பேட்டரியில் முறுக்கிவிட்டால் விளக்கு எரியும். ஒரு மாதம் எரியும். அப்புறம்?

பனிக்கூடாரக்காரருக்கு எதிரி குளிர். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் அது கெட்டுவிடும். கடலூர்க்காரருக்கு எதிரி உப்பும் வெயிலும். ஒரே பேட்டரி, ஒரே விளக்கு, ஆனால் வைக்கும் முறை வேறு.

முதலில் மின்கணக்கு. சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு 2 வாட், இரவு 10 மணி நேரம்: 20 வாட்-மணி. வலை விரித்திருக்கும் 5 மணி நேரத்துக்குச் சிவப்பு 2 வாட்: 10. பக்க விளக்கு இரண்டும் தலா 1 வாட், படகு ஓடும் 4 மணி நேரம்: 8. உள்ளே மங்கலான சிவப்பு விளக்கு 1 வாட், 10 மணி நேரம்: 10. மீன் கழற்றும்போது வெள்ளை விளக்கு 6 வாட், 2 மணி நேரம்: 12. மொத்தம் 60 வாட்-மணி. பழைய 21 வாட் பல்பு ஒன்று தின்றதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

சின்ன யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கிறது. போதும் போலத் தெரியும். ஆனால் ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். பாதி என்றால் 42. விடிவதற்குள் தீர்ந்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் முக்கால் பங்குக்கு மேலேயே பயமில்லாமல் எடுக்கலாம். 12.8 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 150 வாட்-மணிக்குச் சற்று மேல். அதில் 80 சதவீதம் எடுத்தால் இரண்டு இரவு தாங்கும். வானம் மூடியிருக்கும் ஐப்பசி கார்த்திகையில் இந்த இரண்டாவது இரவுதான் முக்கியம். சார்ஜுக்கு 20 வாட் சோலார் பேனலும் ஒரு கன்ட்ரோலரும் போதும். நல்ல வெயிலில் ஒரு நாளில் ஓர் இரவுக்கான மின்சாரம் ஏறிவிடும்.

அடுத்தது ஃபியூஸ். எல்லா விளக்கையும் ஒன்றாகப் போட்டாலும் 13 வாட், அதாவது 1 ஆம்பியரைச் சற்றுத் தாண்டும். 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஆனால் அது பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தூரத்தில் சுவிட்ச் பலகையில் வைத்தால், நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அந்த ஃபியூஸால் பயன் இல்லை. ஃபைபர் படகு, டீசல், வலை. தீப்பிடித்தால் ஓடிப்போய் நிற்க இடம் கிடையாது.

மூன்றாவது வயர். சாதாரணச் செம்புக் கம்பியை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால், உப்புக் காற்று டேப்புக்குள் புகுந்து பச்சைக் களிம்பு பிடித்துவிடும். களிம்பு பிடித்த இணைப்பு சூடாகும், வெளிச்சம் மங்கும், ஒரு நாள் அறுந்துபோகும். ஈயம் பூசிய செம்புக் கம்பி வாங்கி, இணைப்பைப் பற்றவைத்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடாக்கினால் வருடக்கணக்கில் நிற்கும். இணைப்பு எங்கேயும் படகின் அடியில் தேங்கும் தண்ணீரைத் தொடக் கூடாது.

நான்காவது விளக்குப் பட்டை. 12 வோல்ட் பட்டையில் மூன்று எல்.இ.டி.க்கு ஒரு ரெசிஸ்டர் என்ற கணக்கில் கோத்திருப்பார்கள். எஞ்சின் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் ஏறும் படகில் வோல்டேஜ் 14-க்கு மேல் போகும். அப்போது பட்டையில் ஓடும் மின்சாரம் வெகுவாகக் கூடும். பட்டை சூடாகி, ஒவ்வொரு மூன்றாக அணைந்துகொண்டே வரும். வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் சிறு சாதனம் ஒன்றை நடுவில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஐந்தாவது, பலருக்கும் தெரியாதது. மலிவான எல்.இ.டி. சர்க்யூட்டுகள் ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும். 2018-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதற்காகவே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. எல்.இ.டி. விளக்கு எரியும்போது வி.எச்.எப். ரேடியோவில் பேச்சு சரியாகக் கேட்காமல் போகலாம் என்று. சோதிப்பது சுலபம். கரையிலேயே ரேடியோவை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு அணைத்துப் பார்க்க வேண்டும். இரைச்சல் கூடினால் அந்த விளக்கு வேண்டாம். ஆபத்தில் கூப்பிடும்போது 16-ஆம் சேனலில் குரல் போய்ச் சேருவதுதான் முக்கியம்.

இன்னொன்று. படகை அழகுபடுத்த சீரியல் லைட் போடும் ஆசை எல்லா ஊரிலும் உண்டு. மாசி மகத்துக்குக் கரையில் நிற்கும்போது தாராளமாகப் போடலாம். கடலில் கூடாது. சிவப்புக்கும் பச்சைக்கும் அங்கே அர்த்தம் இருக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றி மினுக்கினால் எதிரே வருகிறவருக்குப் படகு எந்தப் பக்கம் போகிறது என்றே புரியாது. வெள்ளை விளக்கின்மேல் கலர் தாள் சுற்றுவதும் அதே தவறு.

"இருட்டுதான் எங்களுக்கு நல்லது"

இப்படி ஒரு பதில் வரும். அதில் நியாயமும் இருக்கிறது. செவுள் வலையில் மீன் சிக்குவதே கண்ணிகளை அது பார்க்காததால்தான். நிலா வெளிச்சத்தில் பாடு குறையும் என்பது கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படகில் விளக்கைப் போட்டால் வலை தெரியாதா?

தண்ணீரில் விழுந்தால்தான் தெரியும். கம்பத்தின் மேல் இருக்கும் விளக்குக்குக் கீழே ஒரு தட்டு வைத்தால் வெளிச்சம் பக்கவாட்டில் போகும், படகுக்குள்ளும் பக்கத்துத் தண்ணீரிலும் விழாது. கப்பலுக்குத் தெரிவதற்கு அதுவே போதும்.

கண் விஷயம் இன்னொன்று. மனிதக் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பளிச்சென்ற வெள்ளை விளக்கை ஒரு முறை பார்த்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். பிறகு அலையும் தெரியாது, எதிர்ப்படகும் தெரியாது. தலையில் மாட்டும் ஹெட்லைட் இரண்டு கையும் வேலை செய்ய உதவுகிறது என்பது உண்மை. ஆனால் நிமிர்ந்தால் எதிரே நிற்பவர் கண்ணில் அடிக்கிறது என்பதும் உண்மை. மங்கலான சிவப்பு வெளிச்சம் இருட்டுப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது. அதனால்தான் உள்ளே எப்போதும் சிவப்பு, மீன் கழற்றும்போது மட்டும் வெள்ளை. வெளிச்சம் கூடக் கூட நல்லது என்பது கடலில் பொய்!

கரைக்கும் இது பொருந்தும். கடலூர்க் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. குஞ்சுகள் கடலின் மெல்லிய பிரகாசத்தை நோக்கி ஓடும் இயல்புள்ளவை. கரையில் வெள்ளை விளக்கு எரிந்தால் திசை மாறி ஊருக்குள் போய்விடும். வலைக் கொட்டகையில் விளக்கு போடுகிறவர்கள் அதைக் கீழ்நோக்கி, மஞ்சள் அல்லது சிவப்பாகப் போட்டால் வலையும் பின்னலாம், ஆமையும் பிழைக்கும்.

யார் கொடுப்பது?

2024 ஆகஸ்டில் மத்திய அரசு மீன்பிடிப் படகுகளில் 1 லட்சம் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தைத் தொடங்கியது. மதிப்பு 364 கோடி ரூபாய். இஸ்ரோ தொழில்நுட்பம். நடுக்கடலிலிருந்து செய்தி அனுப்பலாம். நல்ல திட்டம், மறுப்பதற்கில்லை. ஆனால் செயற்கைக்கோளுக்குத் தெரிகிற படகு, பக்கத்தில் வரும் கப்பலின் காவல்காரர் கண்ணுக்கும் தெரிய வேண்டாமா?

விளக்கு, பேட்டரி, ஃபியூஸ், வயர், சிறு பேனல். இவற்றை ஒரே பெட்டியாக்கி, மானியத்தில் கொடுத்து, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடை இருக்கும் 61 நாட்களில் படகு படகாகப் பொருத்திவிடலாம். படகு ஆய்வும் பராமரிப்பும் நடக்கிற காலம்தான் அது. விளக்கு இல்லாத படகுக்கு அபராதம் போடுவது கடைசி வழியாக இருக்கட்டும். கையில் கொடுக்காமல் கேட்பது நியாயம் இல்லை.

பழைய பேட்டரியைத் திருப்பி வாங்கும் ஏற்பாடும் அதே பெட்டியோடு வர வேண்டும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல்தான் வைக்கின்றன. ஆலைக் கழிவு பற்றிப் பல வருடங்களாகப் புகார் சொல்லிவரும் உப்பனாற்றங்கரை ஊர்களில், ஈயத்தையும் சேர்த்து ஆற்றில் போடுவது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது போல ஆகும்.

ஒரு ரயில்வே கேட் சொன்னது

செம்மங்குப்பம் என்ற பெயரைத் தமிழ்நாடு முழுவதும் கேட்ட நாள் 2025 ஜூலை 8. காலையில் ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது விழுப்புரம் – மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். அந்த கேட், சிக்னலோடு பிணைக்கப்படாத கேட். அப்படிப் பிணைத்த இடத்தில், கேட் மூடினால்தான் ரயிலுக்குப் பச்சை விழும். மனிதர் மறந்தாலும் இயந்திரம் மறக்காது.

யார் மேல் தவறு என்பது வேறு விசாரணை. ஆனால் அந்தக் காலை எல்லோருக்கும் ஒன்றைப் புரியவைத்தது. உயிரைக் காக்கும் காரியத்தை ஒரு மனிதரின் ஞாபகத்தில் மட்டும் விட்டுவைக்கக் கூடாது. ராத்திரி முழுக்க வலையை இழுத்துக் களைத்துத் தூங்கிப்போகும் மீனவருக்கும் அது பொருந்தும். கம்பத்து விளக்கு சுவிட்சை நம்பி இருக்க வேண்டியதில்லை. இருட்டியதும் தானே எரிந்து, விடிந்ததும் தானே அணையும் சென்சார் ஒன்று போதும். வலை மிதவையில் கட்டும் மினுக்கு விளக்கிலேயே அது வந்துவிட்டது. வலைக்கு இருக்கும் பாதுகாப்பு, வலையை இழுக்கிறவருக்கும் இருக்கட்டுமே!

கடைசியாக, கடலூரிலும் சிதம்பரத்திலும் பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு வருடமும் கறுப்புக் கோட்டின் மேல் ஓடும் ரோபோவையே கடைசி வருட புராஜெக்டாகச் செய்து, சான்றிதழ் வாங்கி, பரணில் போடுகிறார்கள். 13 வாட், 12 வோல்ட், உப்புக் காற்று, இரண்டு இரவு. இதற்குள் ஒரு விளக்குப் பெட்டி செய்ய முடியுமா? செய்து, தேவனாம்பட்டினத்திலோ சித்திரைப்பேட்டையிலோ ஒரு படகில் ஒரு மழைக்காலம் முழுக்க ஓடவிட்டு, எது முதலில் கெட்டது என்று எழுதிவைக்க முடியுமா? மதிப்பெண் எவ்வளவு வரும் என்று தெரியாது. ஆனால் இருட்டில் வரும் ஒரு கப்பல், 8 நிமிடம் முன்னால் திரும்பிவிடும்.